பேட்டரி டவுன்... நாலாவது கிளிப் எங்கே?

சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமவில்லை. பல்லி சொல்வதுபோல "டக்... டக்... டக்..." என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. டேஷ்போர்டு விளக்குகள் ஒருமுறை மினுங்கி மங்கின. டீச்சர் இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். இப்போது அந்த 'டக்' சத்தமும் மெலிந்துபோயிருந்தது.

மணி காலை எட்டேகால். பத்து மணிக்கு நரம்பியல் டாக்டரிடம் இருக்க வேண்டும். முதலில் காரை ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போட்டுவிட்டு, பிறகு கணவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து முன் ஸீட்டில் உட்கார வைக்கலாம் என்பது அவர் திட்டம். போர்ட்டிகோவின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், சலவை வேட்டியும் இடக்கையில் ஊன்றுகோலுமாகக் கணவர் காத்திருந்தார்.

திருச்சி கே.கே.நகரில் அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'தான். அரசுப் பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவர். கணவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஏழு வாரங்களுக்கு முன்பு ஒரு விடியற்காலையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றையும் அது ஒரே அடியில் வாங்கிக்கொண்டு போய்விட்டது. கால் கொஞ்சம் தேறிவிட்டது. பேச்சில் 'ஆங்' என்ற ஒற்றைச் சத்தம்தான் மிச்சம். சம்மதம், கோபம், பசி எல்லாமே அந்த 'ஆங்'குக்குள்தான். ஆனால், பிறர் சொல்வது அத்தனையும் அவருக்குப் புரியும்.

அந்த ஏழு வாரமும் கார் போர்ட்டிகோவிலேயே நின்றது. காரைத் துடைப்பது, டயருக்குக் காற்றுப் பார்ப்பது, பேட்டரிக்கு கிரீஸ் தடவுவது எல்லாம் கணவரின் ஞாயிற்றுக்கிழமை வேலைகள். டீச்சருக்கு ஓட்டத் தெரியும். பானெட்டைத் திறந்து பார்த்ததில்லை.

"கால் டாக்ஸி கூப்பிடட்டுமா?" என்று கேட்டார்.

கணவர் தலையைத் திருப்பிக்கொண்டார். போன முறை டாக்ஸியில் ஏற அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. ஓட்டுநர் நொடிக்கொரு தரம் மணியைப் பார்த்த பார்வை அவருக்குள் இன்னும் இருந்தது. சொந்த காரில் முன் ஸீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, குஷன் போட்டு, உட்கார்ந்து பழகியாயிற்று. அதுதான் அவருக்குச் சரிப்படும்.

சத்தம் கேட்டுத் தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம் டீச்சர். நாங்க ரெண்டு பேர் தள்றோம். செகண்ட் கியர்ல போட்டு கிளட்ச்சை விடுங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். கியர் மாற்றி ஓட்டும் வண்டி என்பதால் அது முடியக்கூடியதுதான். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால், எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகிக்கொள்ளும். தெருமுனையில் பள்ளி வேனுக்காகப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். டீச்சர் வேண்டாமென்றார்.

பக்கத்து வீட்டில் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்த டேங்கர் லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "நம்ம லாரியிலேருந்து ஒயர் கொடுத்துடலாம்மா. பெரிய பேட்டரி, ஒரே இழுப்புல எடுத்துடும்."

நாற்காலியிலிருந்து "ஆங்! ஆங்!" என்று குரல் வந்தது. கணவர் இடக்கையை விரித்து வேகமாக ஆட்டினார்.

டீச்சருக்கு ஒரு சந்தேகம் தட்டியது. "உங்க லாரி பேட்டரி எத்தனை வோல்ட் அண்ணே?"

"ரெண்டு பேட்டரி சேர்த்து இருபத்துநாலும்மா."

"கார் பன்னிரண்டு" என்றார் டீச்சர். கணவரின் கை இறங்கியது. பெரிய லாரி, பஸ்களில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அதைக் காருக்குக் கொடுத்தால் கம்ப்யூட்டர் பாகங்கள் கருகலாம். பேட்டரியே வெடிக்கவும் கூடும். உதவி பெரிதாக இருப்பது முக்கியமில்லை, பொருத்தமாக இருக்க வேண்டும்.

கடைசியில் வந்தது மாடி வீட்டுத் தம்பியின் கார். பெட்ரோல் வண்டி, அதே 12 வோல்ட். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன். டிக்கியில் ஜம்பர் கேபிள் வைத்திருந்தான். வாங்கியதிலிருந்து ஒருநாளும் அதைப் பிரித்ததில்லை.

"அஞ்சு நிமிஷ வேலை டீச்சர். வீடியோ பார்த்திருக்கேன்."

எந்த வண்டியையும் கேட்டைப் பார்த்தே நிறுத்துவது கணவரின் வழக்கம். 'அவசரத்துக்கு எடுக்கணும்னா முகம் வெளியில இருக்கணும்' என்பார். அது இன்றைக்கு உதவியது. தம்பி தன் காரைக் கேட்டுக்கு வெளியே, மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்தான். இரண்டு பம்பரும் உரசப்போகும் நேரத்தில் ஊன்றுகோல் தரையில் தட்டியது. வண்டிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் உடம்பு வழியாகவே மின்சாரம் பாய வழி கிடைத்துவிடும். தம்பி ஒன்றரை அடி பின்னுக்கு எடுத்தான். இரண்டு வண்டியிலும் ஹேண்ட் பிரேக், கியர் நியூட்ரல், சாவி அணைப்பு. லைட், ஏ.சி., பாட்டு எல்லாம் நிறுத்தம்.

பானெட் திறந்தது. கணவர் ஊன்றுகோலை உயர்த்தி டீச்சரின் கையைச் சுட்டினார். "என்னங்க?" அவர் மறுபடியும் சுட்டினார். கை அல்ல, வளையல். அப்புறம் தம்பியின் கையில் இருந்த ஸ்டீல் வாட்ச், மோதிரம்.

"12 வோல்ட்தானே சார், ஷாக் அடிக்காதே" என்று தம்பி சிரித்தான்.

அவன் சொன்னது சரி. 12 வோல்ட் பொதுவாக ஷாக் அடிக்காது. ஆனால், ஒரு சிறிய காரின் செல்ஃப் மோட்டார் சுழல நூறு, இருநூறு ஆம்பியர் கேட்கும். அதைக் கொடுக்கும் பேட்டரி அது. பாசிட்டிவ் டெர்மினலுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே ஒரு மோதிரம் பாலம் போட்டால், நொடியில் பழுத்துவிடும். விரல் உள்ளே இருக்கும். கணவரின் இடது மோதிர விரலைச் சுற்றி வெளுத்த வளையம்போல ஒரு தழும்பு உண்டு. கல்யாணமான புதிதில் ஜீப் பேட்டரியைக் கழற்றும்போது ஆனது என்று சொல்லியிருக்கிறார். அதற்குப்பிறகு அவர் மோதிரமே போட்டதில்லை. டீச்சர் வளையலைக் கழற்றி மாடத்தில் வைத்தார். தம்பியும் பேசாமல் வாட்ச்சையும் மோதிரத்தையும் கழற்றினான்.

பேட்டரியை நன்றாகப் பார்த்தார்கள். உப்பியிருக்கிறதா? விரிசலா? ஆசிட் கசிவா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஜம்ப் ஸ்டார்ட் செய்யவே கூடாது. மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். டெர்மினலில் கொஞ்சம் வெள்ளைப் பூ பூத்திருந்தது, வேறு குறையில்லை. கேபிள் விரல் பருமன் இருந்தது. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் மெல்லிய ஒயரை வைத்து இந்த வேலையைச் செய்தால், ஒயர் உருகிப் பற்றிக்கொள்ளும்.

டீச்சருக்கு ஆய்வகப் பழக்கம் வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு வாளி தண்ணீரும் மக்கும் கொண்டுவந்து வைத்தார். "ஆசிட் இருக்கிற இடத்துல தண்ணி இருக்கணும். கண்ணுல பட்டா பதினைஞ்சு நிமிஷம் கழுவிக்கிட்டே இருக்கணும், அப்புறம் டாக்டர்" என்றார். அவருக்கு மூக்குக்கண்ணாடி இருந்தது. தம்பியிடம் இல்லை. "போய் ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு வா. கண்ணாடியை இறக்கி விட்டுக்கோ."

கார் பேட்டரிக்கு ஹெல்மெட் போட்ட ஆளைப் பார்த்துத் தெருவே சிரித்தது. பீடி பற்றவைக்கப்போன லாரி டிரைவரை மட்டும் டீச்சர் தள்ளிப் போகச் சொன்னார்.

"சிவப்பு, பிளஸ்" என்றான் தம்பி.

"ஒயர் கலரைப் பார்க்காதே. பேட்டரி மேல அச்சடிச்ச குறியைப் பாரு." பழைய வண்டியில் யாராவது ஒயரை மாற்றியிருக்கலாம், அச்சான '+' குறி பொய் சொல்லாது. இங்கே மாறிப்போனால் பியூஸ், ஆல்டர்னேட்டர், எலெக்ட்ரானிக் பெட்டி என்று ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும்.

முதல் சிவப்பு கிளிப், இறந்த பேட்டரியின் பிளஸ்ஸில். இரண்டாவது சிவப்பு, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். மூன்றாவதாக, கறுப்பு கிளிப் ஒன்று நல்ல பேட்டரியின் மைனஸில். ஒவ்வொரு தடவையும் நாற்காலியிலிருந்து மெதுவாக ஒரு 'ஆங்' வந்தது. மிச்சம் ஒரு கறுப்பு கிளிப். தம்பி அதை எடுத்துக்கொண்டு இறந்த பேட்டரியின் மைனஸ் டெர்மினலை நோக்கிக் குனிந்தான்.

"ஆங்!"

ஊன்றுகோல் தரையில் அடித்த அடியில் தெரு நாய் எழுந்து ஓடியது. கணவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டிருந்தார். முகம் சிவந்து, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, ஏதோ ஒரு சொல்லைத் தேடித் தேடி, கிடைக்காமல், மறுபடியும் "ஆங்... ஆங்..." என்றார். டீச்சர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், மைனஸ்லதானே மாட்டணும்? வீடியோவுல அப்படித்தான் மாட்டினாங்க. ஸ்டார்ட்டும் ஆச்சே" என்றான் தம்பி, கிளிப்பைக் காற்றில் பிடித்தபடி.

கணவர் ஊன்றுகோலின் நுனியைப் பேட்டரியை நோக்கி நீட்டினார்; விலக்கினார்; எஞ்சினின் மறுகோடிக்குக் கொண்டுபோனார். மறுபடியும் பேட்டரி, விலக்கல், எஞ்சின். பிறகு ஊன்றுகோலை மடியில் சாய்த்துவிட்டு, இடக்கை விரல்கள் ஐந்தையும் குவித்து, பட்டென்று விரித்தார்.

அந்த விரல்களைப் பார்த்ததும் டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

முப்பது வருடம், வருடத்துக்கு ஒருமுறை, அவர் வகுப்பில் அந்தச் சத்தம் கேட்கும். சோதனைக்குழாயில் துத்தநாகத் துண்டுகள், நீர்த்த அமிலம். வாயு திரண்டதும் எரியும் குச்சியை வாயருகே கொண்டுபோனால், 'பாப்'! பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஹைட்ரஜன்.

1859-ல் பிரான்ஸின் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த ஈய-அமில மின்கலத்தின் வழிவந்ததுதான் இன்றைய கார் பேட்டரியும். உள்ளே ஆறு அறைகள், அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் நீரும். மின்னேற்றம் ஆகும்போது அந்த நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வெளிவரும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவிகிதம் கலந்தாலே போதும், ஒரு பொறி பட்டால் பற்றும். சோதனைக்குழாயில் 'பாப்' என்று கேட்டது, பிளாஸ்டிக் பெட்டிக்குள் நடந்தால் பெட்டி சிதறும். அமிலம் தெறிக்கும். குனிந்து பார்க்கிறவரின் முகத்தில்.

பொறி எப்போது வரும்? சுற்று முழுமையாகும் கணத்தில். முதல் மூன்று கிளிப்பில் மின்சாரத்துக்குப் போக வழியில்லை. நாலாவதை வைக்கும்போதுதான் வட்டம் மூடுகிறது. அப்போதுதான் 'சடக்' என்று பொறி பறக்கும். அந்தப் பொறி பேட்டரியின் தலைமேல் பறக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். காரின் மைனஸ், உடம்போடும் எஞ்சினோடும் இணைந்தே இருக்கிறது. அதனால் பெயின்ட் இல்லாத எஞ்சின் இரும்பில் எங்கே கிளிப்பைக் கடிக்க வைத்தாலும் மின்சாரம் போய்ச் சேரும்.

"பேட்டரியிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது தம்பி. அந்த இரும்புக் கொக்கி தெரியுதா, அதுல மாட்டு. ஃபேன், பெல்ட் பக்கம் ஒயர் போகாம பார்த்துக்க."

"மைனஸ்ல மாட்டினாலும் ஸ்டார்ட் ஆகும்தானே டீச்சர்?"

"ஆகும். நூறு தடவை ஆகும். இந்த விதி நூத்தியோராவது தடவைக்கு."

சொன்ன பிறகுதான், அது கணவரின் வாசகம் என்று அவருக்கு உறைத்தது. லைனில் ஏறும் பையன்களிடம் அவர் சொல்லும் வாசகம். கையுறை போடாமல் ஏறின எல்லோருக்கும் எல்லா நாளும் ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு நாள் ஆகும்.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலாவது கிளிப்பைக் கொக்கியில் மாட்டினான். சின்னதாக ஒரு நீலப் பொறி பறந்து அணைந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு "யப்பா" கேட்டது. தெருவில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

தன் காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டான். பிறகு டீச்சர் சாவியைத் திருப்பினார். இழுத்து, தயங்கி, நின்றது. "விடாம திருப்பிக்கிட்டே இருக்கக் கூடாது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, கையை எடுத்து, இரண்டு நிமிடம் காத்திருந்தார். மறுபடி திருப்பியபோது எஞ்சின் உறுமியது. கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றினார்கள். முதலில் எஞ்சின் கொக்கியில் இருந்த கறுப்பு. கழற்றும்போதும் முதல் கிளிப்பில்தான் பொறி வரும், அதனால் அதுவும் பேட்டரிக்குத் தள்ளியே. அடுத்து நல்ல பேட்டரியின் கறுப்பு, அதன் சிவப்பு, கடைசியாக இந்தப் பக்கச் சிவப்பு. ஒரு முனை பேட்டரியில் இருக்கும்போது, மறுமுனை கிளிப்புகள் ஒன்றையொன்று உரசாமல் பார்த்துக்கொண்டார்கள்.

மணி ஒன்பது இருபது. இன்னொரு சிக்கல் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. அங்கே எஞ்சினை அணைத்தால் மறுபடி பிடிக்குமா? தம்பியே ஓட்டி வந்தான். இருவரையும் வாசலில் இறக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமலே நேராக ஒரு பேட்டரி கடைக்குப் போனான்.

டாக்டர், முன்னேற்றம் இருப்பதாகச் சொன்னார். பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்குத்தான் வருத்தம். "நடை நல்லா வந்திருக்கு. இடது கையால எழுதிப் பழகச் சொன்னேனே, ஒரு பக்கமாவது எழுதினாரா?" டீச்சர் பதில் சொல்லவில்லை. நாலு கோடு நோட்டு வாங்கி ஒரு மாதம் ஆகிறது. அச்சடித்த மாதிரி கையெழுத்து உள்ளவர் அவர். கோணல் கோணலாக எழுதிப் பார்க்க மனசு ஒப்பவில்லை. நோட்டை நீட்டும்போதெல்லாம் தள்ளிவிடுவார்.

மதியம் தம்பி புது பேட்டரியோடு காரைக் கொண்டுவந்தான். பழையதற்கு நாலு வயது. கடைக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு, இனி சார்ஜ் நிற்காது என்று சொல்லியிருந்தார். நல்ல பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி காலி; 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட முழுக் காலி. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி வந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். நிற்கிற கார்கூட கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் ரிமோட் பூட்டுக்கும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் தின்னும். திருச்சி வெயில், பேட்டரியின் ஆயுளைச் சீக்கிரமே உறிஞ்சிவிடும். வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் சாலையில் ஓட்ட வேண்டும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் உறுமவிட்டால் போதாது. பழைய பேட்டரியைக் கடையிலேயே எடுத்துக்கொண்டு விலையில் கழித்திருந்தார்கள். அதன் ஈயம் உருக்கப்பட்டு மறுபடி பேட்டரிக்கே போகும். குப்பையில் போடும் பொருளல்ல.

"இன்னொண்ணு சொன்னார் டீச்சர். எல்லா வண்டியும் ஒண்ணு கிடையாதாம். சிலதுல பேட்டரி டிக்கியில இருக்கும், முன்னாடி ஜம்ப் பண்றதுக்குன்னு தனி பாயின்ட் கொடுத்திருப்பாங்களாம். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டின்னா கம்பெனி புக்கைப் படிக்காம கை வைக்காதீங்கன்னார்."

அவன் கேபிளைச் சுருட்டும்போது டீச்சர் கேட்டார்: "அடுத்த தடவை வரிசை ஞாபகம் இருக்குமா?"

"இன்னிக்கு இருக்கு. ஒரு வருஷம் கழிச்சுன்னா தெரியாது."

"கொஞ்சம் இரு."

உள்ளே போய் வெள்ளை பிளாஸ்திரியும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்து வந்தார். நாலு துண்டு வெட்டி மேசையில் ஒட்டினார். முதல் துண்டில் எழுதக் குனிந்தபோது, பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டது. இடக்கை. விரல்கள் பேனாவைக் கேட்டன.

டீச்சர் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார்.

1 சாய்ந்து விழுந்தது. 2-க்கு மூக்கு நீண்டுவிட்டது. 3-ஐ அடித்துவிட்டு மறுபடி போட்டார். 4-க்கு வெகுநேரம் ஆனது. நெற்றியில் வேர்வை. தம்பி கேபிளைப் பிடித்தபடி, அவசரமே இல்லாதவன்போல நின்றான். எழுதி முடித்ததும் கணவர் அந்த நாலாவது துண்டைத் தானே பிய்த்து, கறுப்பு கிளிப்பின் கைப்பிடியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார்.

"ஆங்" என்றார்.

தம்பி போன பிறகு, டீச்சர் நாலு கோடு நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். அவர் அதைத் தள்ளவில்லை.